வரலாற்றுப் போர் கேம்களில் நம் கடல் ஏன் சரியாக வருவதில்லை?

குந்துகால்:

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். எனக்கு இன்ஜின் வேலை இப்போதுதான் அதிகம், ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அக்கா மகனோடு உட்கார்ந்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் கேமில் ஒரு மேப் செய்துகொண்டிருக்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் படையோடு வந்து இராமேசுவரத்தைப் பிடித்து, அதே தீவில் இருக்கும் எங்கள் குந்துகாலில் ஒரு கோட்டை கட்டி, அதற்குத் தன் மன்னன் பெயரையே வைத்தான் அல்லவா, அந்தப் போர்தான். குந்துகாலுக்கு வருகிறவர்கள் விவேகானந்தர் 1897இல் வந்து இறங்கிய இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு எழுநூறு வருடத்துக்கு முன்னால் அதே கரையில் ஒரு படை இறங்கிய கதை ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்த கேமைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1999இல் வந்தது, 2019இல் புதுப்பித்தார்கள், 2022இல் திராவிடர் என்று நம் பக்கத்து நாகரிகத்தையே சேர்த்தார்கள். என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. ஆட்கள் தமிழில் பதில் சொல்வதை முதல் முறை கேட்டபோது அக்கா மகன் கேமை நிறுத்திவிட்டு அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தான். மேப் செய்யும் எடிட்டரும் கூடவே வருகிறது, இது பெரிய விஷயம்.

ஆனால் பாம்பன் வாய்க்காலை வரைய ஆரம்பித்ததும் சிக்கல். ஆழமில்லாத தண்ணீர் என்று ஒரு நிலவகை இருக்கிறது, அதில் ஆளும் நடந்து போகலாம், பெரிய போர்க்கப்பலும் போகலாம். முழங்கால் தண்ணீரில் கப்பல் எப்படி மிதக்கும்? அப்புறம் ஆள் ஏற்றும் கப்பல். ஒரு ஈட்டிக்காரனுக்கும் ஒரு இடம், ஒரு யானைக்கும் ஒரு இடம். வருடம் முழுவதும் ஒரே கடல். காற்று இல்லை.

கேட்க விரும்புவது இதுதான். நீங்கள் ஆடிய வரலாற்றுப் போர் கேம்களில் எது எதைச் சரியாகப் பிடித்திருக்கிறது, எதில் கோட்டை விட்டிருக்கிறது? இந்தப் போரை எதில் செய்தால் உண்மைக்குப் பக்கத்தில் வரும்?

கோட்டைமேடு:

தம்பி, நல்ல காரியம் செய்கிறீர்கள். நான் இராமநாதபுரத்தில் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன், 2004இல் ரோம் டோட்டல் வார் வந்ததிலிருந்து அந்த வரிசையை விடாமல் ஆடுகிறேன்.

டோட்டல் வாரின் பலம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது மிகப் பெரியது: மனம். படை அழிந்து தோற்பதில்லை, பயந்து தோற்கிறது. பக்கவாட்டில் அடி விழுந்தாலோ தளபதி விழுந்தாலோ, நூறு பேரில் முப்பது பேர் செத்ததுமே மீதி எழுபது பேர் திரும்பி ஓடுகிறார்கள். ஓடுகிறவர்களைத் துரத்தும்போதுதான் நிறையச் சாவு. பழைய போர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தன. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஒரு ஆள் கடைசி உயிர்ப்புள்ளி வரை சிரித்த முகத்தோடு நின்று வெட்டுகிறான், அதை வகுப்பில் பையன்களுக்குக் காட்டி இதுதான் போர் என்று சொல்ல என்னால் முடியாது.

காற்று கேட்டீர்கள். 2009இல் வந்த எம்பயர் டோட்டல் வாரில் கடற்போர் உண்டு, அதில் காற்றின் திசை உண்டு. காற்றுக்கு எதிரே திருப்பினால் கப்பல் இழுத்துக்கொண்டு நிற்கும், அந்த நேரத்தில் எதிரி பக்கவாட்டுப் பீரங்கி வரிசையைத் திருப்பிவிடுவான். பெரிய வரைபடத்தில் மட்டும் அந்தக் காற்று கிடையாது. 18ஆம் நூற்றாண்டு இந்தியாவில் முகலாயர், மராத்தியர், மைசூர் எல்லாம் இருக்க, எங்கள் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் சீமை என்று ஒரு புள்ளிகூட இல்லை.

சோற்றுக்கும் தண்ணீருக்கும் யோசிக்க வைத்த கேம் என்றால் எனக்கு 2003இல் வந்த ரைஸ் ஆஃப் நேஷன்ஸ். எதிரி எல்லைக்குள் நுழைந்தால் படை தானாகத் தேயும், தேயாமல் இருக்க வண்டி கூடவே போக வேண்டும். அந்த வண்டியை அடித்துவிட்டால் படை பட்டினி. இந்த ஒன்றை மற்ற கேம்கள் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று இன்றுவரை எனக்கு ஆதங்கம்தான்.

சாயல்குடி:

நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். கல்லூரியில் படிக்கிறேன், தரவரிசைப் போட்டியில் திராவிடரை வைத்தே அதிகம் ஆடுகிறேன். காற்று, தாகம், பயம் எல்லாம் சேர்த்தால் நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டிய ஆட்டம் முடியாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் பலமே இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு என்பதுதான். ஒருவன் விறகும் சோறும் எப்படிப் பிரித்துக்கொள்கிறான், எப்போது அடுத்த காலத்துக்குப் போகிறான், எதிரி என்ன செய்யப்போகிறான் என்று வேவு பார்க்கிறானா, இதில்தான் வெற்றி. காற்று திடீரென்று திரும்பி என் கப்பலைக் கவிழ்த்தால் நான் தோற்றது என் தப்பால் இல்லையே.

எனக்குக் குறை வேறு. திராவிடருக்கு நல்ல குதிரைப்படையே கிடையாது. கனரகக் குதிரை வீரன் இல்லை. கடல் மேப் என்றால் ராஜா, ஒவ்வொரு காலம் மாறும்போதும் 200 மரம் இலவசம், மீன் படகும் 15 கூடுதலாகச் சுமக்கும். நிலத்தில் வேகமாக வருகிற எதிரியிடம் அடிவாங்கியே மாளும். நம் ஆட்களை இப்படிப் பலவீனமாகச் செய்தது நியாயமா?

முத்துச்சிப்பி:

சாயல்குடி தம்பி, அந்தக் குதிரை விஷயத்தில் கேம் செய்தவர்கள்தான் சரி என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மண்ணில் நல்ல போர்க்குதிரை பிறந்து வளரவில்லை. பாண்டியர் காலத்தில் அரபு நாடுகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பலில் ஏற்றி வந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். செத்தால் மறுவருடம் மறுபடி வாங்கு. அரசின் செல்வத்தில் எவ்வளவு இந்த ஒரு மிருகத்துக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு கிடைக்கிறது, அந்த அளவுக்குக் கப்பல் வந்து போன கரை இது. குதிரையும் இப்படிப்பட்ட கப்பல் வழியில்தான் வந்தது.

ஆகவே திராவிடருக்குக் கனரகக் குதிரை இல்லாதது அவமானம் இல்லை. வரலாற்றைப் படித்துத்தான் செய்திருக்கிறார்கள். குறை எங்கே என்றால், கேமில் குதிரை லாயத்திலிருந்து வருகிறது. சோறும் தங்கமும் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் குதிரை வெளியே வந்துவிடும், யாருக்கும் அப்படித்தான். குதிரை துறைமுகத்திலிருந்து வர வேண்டும். துறையை அடைத்தால் குதிரை நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரு அரசன் இந்த வறண்ட கரையில் இருக்கும் சின்னச் சின்னத் துறைகளுக்காக ஏன் சண்டை போட்டான் என்பது ஆடுகிறவனுக்குப் புரியும். இந்த ஒரு மாற்றம் செய்தால் சாயல்குடி தம்பியின் நாற்பது நிமிடமும் கெடாது.

வளைந்த எறி ஆயுதமான வளரி இல்லையே என்பதுதான் என் தனிப்பட்ட மனக்குறை. உறுமி என்று சுருள்வாளைக் கொடுத்தார்கள், சந்தோஷம். நம் சீமையின் ஆயுதம் வளரி.

சாயல்குடி:

அக்கா, துறைமுகத்தில் குதிரை வாங்குவது என்பது நல்ல யோசனை. இதை நான் எதிர்க்க மாட்டேன். அது ஆடுகிறவன் எடுக்கும் முடிவு. காற்று அப்படி இல்லை என்பதில் மட்டும் இன்னும் நிற்கிறேன்.

தொண்டித்துறை:

குந்துகால் அண்ணே, நீங்கள் எடுத்த போரில் வெற்றி என்று எதை வைக்கப்போகிறீர்கள்? இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அந்தப் போர் எப்படித் தொடங்கியது? மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். மதுரையில் முற்றுகையில் சிக்கிய பராக்கிரம பாண்டியன் இலங்கையிடம் உதவி கேட்டான். படை வந்து சேர்வதற்குள் அவன் கொல்லப்பட்டான். அதற்கப்புறமும் இலங்காபுரன் திரும்பிப் போகவில்லை, இறந்தவனின் மகன் வீரபாண்டியனை அரியணையில் ஏற்றுவதற்காகச் சண்டையைத் தொடர்ந்தான். குலசேகரன் சோழனிடம் போனான். எங்கள் தொண்டியிலும் பக்கத்துப் பாசிப்பட்டினத்திலும் நடந்த சண்டை சோழநாட்டு மக்களைக் கலங்க வைத்ததாகக் கல்வெட்டே பேசுகிறது. கடைசியில் குலசேகரன் இலங்கைப் பக்கமே சாய்ந்துவிட, சோழன் வீரபாண்டியனை ஆதரிக்கத் தொடங்கினான்! யார் நண்பன், யார் பகைவன் என்பது நடுவில் தலைகீழாக மாறிவிட்டது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் எதிரியின் கடைசிக் கட்டடம் வரை இடித்தால் வெற்றி. இந்தப் போரில் யாரும் எதையும் கடைசி வரை இடிக்க வரவில்லை, ஒருவனை உட்கார வைக்க வந்தார்கள்.

இந்த மாதிரிப் போருக்கென்றே செய்தது போல இருப்பது 2020இல் வந்த குருசேடர் கிங்ஸ் 3. அதில் நீங்கள் ஒரு நாடாக ஆடுவதில்லை, ஒரு மனிதனாக ஆடுகிறீர்கள். உரிமை கோருகிற ஒருவனுக்காகப் போர் தொடுக்கலாம், உங்கள் கீழ் இருக்கும் சிற்றரசனுக்கு உங்களைப் பிடிக்காவிட்டால் அவனே கலகம் செய்வான். ஆட்டத்தைத் தொடங்க 867, 1066 என்று இரண்டு ஆண்டுகள் இருந்தன, 2024இல் 1178ஐயும் சேர்த்தார்கள், நம் போருக்குக் கொஞ்சம் பின்னால்.

ஆனால் கடல் என்று வந்தால் இதைப் போல ஏமாற்றம் வேறு இல்லை. கப்பற்படையே கிடையாது. கரையில் படையை நிறுத்தி, பணம் கட்டினால், படை தானாகக் கப்பலேறி எதிர்க்கரையில் இறங்கிவிடும். நடுக்கடலில் யாரும் மறிக்க முடியாது. கடாரம் 2025இன் கடைசியில் வந்த விரிவாக்கம் வரை வரைபடத்திலேயே இல்லை. ராஜேந்திர சோழன் 1025இல் கடல் கடந்து கடாரத்தைத் தாக்கியதை ஐந்து வருடம் இந்த கேமில் யாராலும் செய்ய முடியவில்லை. சோழனை எடுத்து ஆடும்போது மேற்கே ஐஸ்லாந்து வரை தெரியும், கிழக்கே போனால் வரைபடம் முடிந்துவிடும். அப்போது மனசு வலித்தது உண்மை.

இன்னொன்று. இந்தப் போர் எப்படி முடிந்தது என்பதில் இரண்டு பக்கமும் இரண்டு கதை. இலங்கையின் பழைய வரலாற்று நூல் தங்கள் படை வென்றது என்கிறது. சோழர் கல்வெட்டோ இலங்கைத் தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் அறைந்ததாகச் சொல்கிறது. உங்கள் மேப்பில் எந்த முடிவை வைப்பீர்கள்?

கீழக்கரை காக்கா:

எல்லோரும் சண்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். சண்டைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார், முத்துச்சிப்பி, அவருக்கு நன்றி.

2025இல் வந்த சிவிலைசேஷன் 7இல் சோழர் இருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது அவர்கள் கட்டும் தனிக் கட்டடங்கள்: அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். இரண்டும் சேர்ந்தால் ஐந்நூற்றுவர் என்று ஒரு வணிகர் குடியிருப்பு ஆகும். மூன்றும் உண்மையான வணிகக் குழுக்களின் பெயர்கள். தொண்டிக்குப் பக்கத்தில் தீர்த்தாண்டதானபுரம் கல்வெட்டில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் சேர்ந்தே வருகின்றன. வெளிநாட்டில் உட்கார்ந்து கேம் செய்கிறவர் அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாரே என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

குறையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடங்கள் நாட்டின் வளத்தைக் கூட்டுகின்றன, அவ்வளவுதான். வணிகன் வந்து பேரம் பேசுவதில்லை, எனக்கு வரியைக் குறை, இல்லாவிட்டால் அடுத்த துறைக்குப் போகிறேன் என்று மிரட்டுவதில்லை. கிழவன் சேதுபதிக்கு எங்கள் ஊர் வணிகர் சீதக்காதி எவ்வளவு வேண்டியவர் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அரசனுக்கும் கடல் வணிகருக்கும் இருந்த அந்த உறவை எந்த கேமும் தொடவே இல்லை.

யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற கேம் வணிகத்தில் கொஞ்சம் மேல். 1444இல் தொடங்குகிறது, சரக்கின் போக்கை வைத்தே பாதி ஆட்டம். ஆனால் அந்தச் சரக்குப் பட்டியலில் முத்து இல்லை, சங்கும் இல்லை. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியை டச்சுக்காரர் பிடித்தது முத்துக்காகவும் சங்குக்காகவும்தான். அதை எடுத்துவிட்டால் மன்னார் வளைகுடாவுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் வந்தார்கள் என்பதே விளங்காது.

குந்துகால்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

தொண்டித்துறை சொன்னதுக்கு அப்புறம் இரண்டு நாளாக அதே யோசனை. கட்டடம் இடிப்பதை எடுத்துவிட்டேன். வீரபாண்டியன் என்று ஒரு வீரனை உயிரோடு மதுரை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுதான் இப்போது இலக்கு. அவன் வழியில் செத்தால் தோல்வி. நடுவில் குலசேகரன் பக்கம் மாறுவதையும் எடிட்டரில் வைக்க முடிகிறது, ஒரு கட்டத்தில் இருவருக்கும் இடையிலான உறவை மாற்றிவிட்டால் போதும்.

கோட்டைமேடு அண்ணே சொன்ன பயம் மட்டும் இந்த கேமில் வரவே வராது என்று புரிந்துவிட்டது.

கோட்டைமேடு:

இலக்கு பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொரு போரையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த மேப்புக்கு ஆகும்.

1639 வாக்கில் திருமலை நாயக்கர் தன் தளவாய், அதாவது படைத்தலைவன், இராமப்பய்யனை சேதுபதி மேல் அனுப்பினார். சேதுபதி பின்வாங்கி இராமேசுவரம் தீவுக்குள் போய்விட்டார். படகு இல்லாத படைக்குத் தீவு கோட்டை மாதிரிதான். தளவாய் என்ன செய்தான்? கடலில் கல்லும் மண்ணும் கொட்டிப் பாதை போட்டான், போர்ச்சுகீசியர் கப்பல் உதவியும் கிடைத்தது. நம் ஊர்க் கதைப்பாட்டில் இன்னும் இது வாழ்கிறது. முடிவில் சேதுபதி பிடிபட்டு மதுரைச் சிறைக்குப் போனார்.

கேமாக இருந்தால் இங்கே வெற்றி என்று எழுத்து வந்து இசை ஒலிக்கும். உண்மையில் அதற்கப்புறம்தான் நாயக்கருக்குத் தலைவலி. சீமை கட்டுக்குள் நிற்கவில்லை, குழப்பம், இராமேசுவரம் போகிற யாத்திரிகர்களுக்கு வழியில் பாதுகாப்பில்லை. கடைசியில் சிறையில் இருந்தவரையே விடுவித்து மறுபடி நாட்டை ஒப்படைத்தார்கள். வென்ற பிறகும் நாடு கைக்கு வராது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் கேம் எது? யூரோப்பாவில் பிடித்த மாகாணத்தில் கலகம் உண்டு, ஆனால் படையை நிறுத்தி அடக்கினால் சில வருடத்தில் அடங்கிவிடும். தோற்றவனையே தேடிப்போய் நாட்டைக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்ற நிலைமை அதில் எனக்கு ஒரு தடவையும் வந்ததில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த வகை கேம்கள் எல்லாவற்றின் பெரிய ஓட்டை இதுதான். வரைபடத்தில் நிறம் மாறினால் நாடு மாறிவிட்டது என்று பையன்கள் நினைத்துவிடுகிறார்கள்.

வடகடல்:

நான் கேம் ஆடுகிறவன் இல்லை, மகன் ஆடுகிறான், அவன்தான் இதைப் படித்துக் காட்டினான். நாட்டுப்படகுக்காரன் நான். காற்று என்றால் கணக்கில்லாமல் வந்து கவிழ்ப்பது என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார், அதற்கு மட்டும் பதில்.

காற்றுக்குக் கணக்கு உண்டு தம்பி. வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கரையோரம் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை தொடங்கினால் வடகடல் புரண்டு எழும், தென்கடலில் தொழில் செய்யலாம். அதனால்தான் ஒரே ஊர்க்காரன் சில மாதம் இந்தப் பக்கமும் சில மாதம் அந்தப் பக்கமும் படகைப் போடுகிறான். எந்த மாதம் எந்தக் கடல் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததை வைத்துப் புறப்படுகிறோமா, காத்திருக்கிறோமா என்பது நம் முடிவுதானே.

குந்துகால் தென்கடல் பக்கம். தொண்டியும் பாசிப்பட்டினமும் வடகடல். நடுவில் பாம்பன் வாய், வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டி ஆழப்படுத்துவதற்கு முன்னால் பெரிய மரக்கலம் அதில் போக வழியில்லை. எனவே குந்துகாலில் இறங்கியவன் தன் பெரிய கப்பலை அப்படியே தொண்டிக்குக் கொண்டுபோக முடியாது. தரைவழி நடக்க வேண்டும், இல்லை சின்ன வள்ளங்களில் ஆளை மாற்ற வேண்டும். மகனிடம் உங்கள் மேப் படத்தைப் பார்த்தேன், அதில் கப்பல் நேராகப் போகிறது. அதை மாற்றுங்கள்.

தண்ணீரையும் மறந்துவிட்டீர்கள். தீவில் கடலோர மணலைத் தோண்டினால் ஊற்று நல்ல தண்ணீர் கொடுக்கும், ஆனால் ஆளுக்கு ஒரு குடம் ஊறுவதற்கே நேரமாகும். ஆயிரம் பேரும் யானையும் வந்தால் எத்தனை ஊற்று தோண்டுவார்கள்?

சாயல்குடி:

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி முன்கூட்டியே தெரிந்த காற்று என்றால் என் ஆட்சேபணை போய்விட்டது. இரண்டு கடலும் மாறி மாறி மூடும், எப்போது மூடும் என்பது இருவருக்கும் தெரியும் என்றால் போட்டி ஆட்டத்திலேயே வைக்கலாம். எந்தப் பக்கம் துறை கட்டுவது என்பதே பெரிய தேர்வாகிவிடும். இரண்டு பக்கமும் கட்டினால் மரம் போதாது. இதை ஆடிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

முத்துச்சிப்பி:

வடகடல் ஐயாவின் இந்த ஒரு பதிவு, நான் ஆடிய கேம்களின் உதவிக்குறிப்புகள் எல்லாவற்றையும் விட அதிகம் சொல்லிக்கொடுத்தது. குந்துகால் தம்பி, ஊற்றையும் எப்படியாவது வையுங்கள்.

குந்துகால்:

ஐயா, வணக்கம். பாம்பன் வாயில் கப்பல் ஏறாத மணல் திட்டு வகையைப் போட்டு அடைத்துவிட்டேன். ஒரு இடத்தில் மட்டும் ஆள் நடக்க விட்டிருக்கிறேன். பெரிய கப்பல் இனி தெற்கிலேயே நிற்கும்.

காற்றுக்கு வழி கிடைத்தது. எடிட்டரில் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் நிற்கும் கப்பல்களுக்கு நேரக் கணக்கில் சேதம் கொடுக்கலாம். பத்து நிமிடம் தென்கடலில், அடுத்த பத்து நிமிடம் வடகடலில். திரும்புவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கச்சான் தொடங்குகிறது, வாடை தொடங்குகிறது என்று திரையில் எழுத்து வரும். அக்கா மகன் நேற்று எழுத்தைப் படிக்காமல் ஏழு கப்பலை இழந்தான், இன்றைக்கு எழுத்து வருவதற்கு முன்பே மணியைப் பார்த்துக் கப்பலைத் திருப்பினான்.

ஊற்றுதான் இன்னும் சரியாக வரவில்லை. ஒரு கிணறு மாதிரிப் பொருளை வைத்து, அதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் படையின் உயிர்ப்புள்ளி குறைவது போலச் செய்து பார்க்கிறேன். யானைக்கும் ஆளுக்கும் ஒரே அளவில் குறைகிறது, அதை வேறுபடுத்த வேண்டும். முடிவை இரண்டாகவே வைக்கப்போகிறேன் தொண்டித்துறை: இலங்கைப் பக்கம் ஆடி முடித்தால் அவர்கள் நூல் சொல்வது திரையில் வரும், சோழப் பக்கம் ஆடி முடித்தால் கல்வெட்டு சொல்வது வரும்.

வரும் ஞாயிறு ராத்திரி மேப்பைப் பகிர்கிறேன். சாயல்குடி தம்பி சோழப் பக்கம் எடுத்துக்கொள்ளட்டும், இலங்கைப் பக்கம் ஆட ஒருவர் வேண்டும். வடகடல் ஐயா, உங்கள் மகனைக் கேட்டுச் சொல்லுங்கள்.